வாயில் இரண்டு ஊக்குகள்

எங்கள் ஊரில் ரவிக்கைக்கு மரியாதை கிடையாது. கொடைக்கானலிலிருந்து வில்பட்டி போகிற பக்கம், காலையில் இறங்கிய மேகம் மத்தியானம் வரைக்கும் எழுந்து போகாத ஒரு சரிவில் இருக்கிறது ஊர். வருடம் முழுக்கக் கம்பளிச் சொட்டர் போட்டுத் திரிகிற பெண்கள் நாங்கள். உள்ளே இருப்பது கிழிந்ததா, சேலைக்குப் பொருந்துகிறதா, கொக்கியெல்லாம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கே பட்டுச் சேலைக்கு மேல் சொட்டர் மாட்டிக்கொண்டு போய் போட்டோவில் நிற்போம். இந்தப் பழக்கத்தால்தான் நான் பிரசிடெண்ட் ஆனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் ரொம்ப நாள் அப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பஞ்சாயத்துத் தலைவரை எங்கள் பக்கம் பிரசிடெண்ட் என்றுதான் சொல்வோம். அந்தத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பது சட்டம். எந்தக் கட்சி யாரை நிறுத்துகிறது என்பது ஊரில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும் என்பது நடப்பு. அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். எங்கள் கட்சியில் இரண்டு பேர் விருப்ப மனு கொடுத்தோம். ஒன்று நான். பூண்டும் கேரட்டும் போட்டுப் பிழைக்கிறவள். பதினெட்டு வருடமாகக் கட்சிக்குக் கொடி கட்டி, கூட்டத்துக்கு ஆள் சேர்த்து, குளிரில் பல் தந்தியடிக்க வந்து நிற்கிற பேச்சாளர்களுக்கெல்லாம் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தவள். இன்னொருத்தி எங்கள் ஊர் டெய்லரம்மா.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அவர்கள் ஆட்கள் சரிவுக்குக் கீழே வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே வண்டி போகாது. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் போர்வையில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு ஏற வேண்டும். அவளுடைய அப்பாவை அப்படித் தூக்கி வந்தபோது பாதி ஏற்றத்திலேயே முடிந்துவிட்டது. மனுவில் ‘ஏன் போட்டியிட விரும்புகிறீர்கள்’ என்று ஒரு கேள்வி. அவள் ‘பாதை’ என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தாள். நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இரண்டு பக்கத்திலும் எழுதாமல் விட்டது, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் இருக்கிற பெயர்ப் பலகை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அந்தப் பலகையில் என் பெயர் வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பதாக எத்தனையோ தடவை கனவு கண்டிருக்கிறேன். கனவில் எழுத்து மட்டும் காயாமல் ஈரமாகவே இருக்கும்.

என் ரவிக்கையெல்லாம் டெய்லரம்மா தைத்தவைதான். ஊரில் மற்றவர்களுக்கு நோட்டில் அளவு எழுதிக்கொள்வாள். எனக்கு மட்டும் எழுதமாட்டாள். “அக்காவோட அளவு கையிலயே இருக்கு” என்பாள். நான் இளைத்தது, பெருத்தது, ஒரு தோள் லேசாக இறங்கியிருப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் மனு கொடுத்த பிறகு எனக்குப் புத்தி கோணலாகப் போய்விட்டது. நேர்காணலுக்குப் போடுகிற ரவிக்கையை எதிரியின் கையில் எப்படிக் கொடுப்பது? கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். அளவு ரவிக்கை கேட்டான். பெட்டிக்கு அடியில் கிடந்ததிலேயே நன்றாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அது எப்போது தைத்தது, அப்போது நான் என்ன கனம் இருந்தேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

நேர்காணல் கீழே வத்தலக்குண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். மலையேறி வந்து எங்களைப் பார்க்க கட்சிப் பெரியவர்களுக்குக் குளிருமாம். அன்றைக்கு வெள்ளனே எழுந்து இருட்டோடு சேலை கட்டினேன். புது ரவிக்கையின் கடைசிக் கொக்கிகள் எட்டவேயில்லை. அந்த இடத்தில் இரண்டு ஊக்கைக் குத்தி, மூச்சை இழுத்துப் பிடித்து, மேலே சொட்டரை மாட்டிக்கொண்டேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மலைக்காரி வேறு எப்படி நினைப்பாள்?

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. டெய்லரம்மா வந்து உட்கார்ந்தாள். மடியில் அவளுடைய துணிப்பை. ஊசி நூல் இல்லாமல் அந்தப் பை எங்கேயும் போகாது. ஒருத்தருக்கொருத்தர் சிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே ரோடு தெரியவில்லை, பள்ளம் தெரியவில்லை. மேகத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தோம். எங்கேயோ ஒரு மாடு மட்டும் தலையைக் காட்டிவிட்டு மறைந்தது. அப்படியே போய்க்கொண்டேயிருந்து, வத்தலக்குண்டு வராமலேயே போய்விட்டால்கூட நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. இரண்டு பேரில் யாருக்கு என்று முடிவாகாமலேயே இருக்குமே.

மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. பெருமாள்மலை வந்ததும் குல்லாயும் மப்ளரும் கழலும். ஊத்து வந்தால் சால்வை. டம்டம் பாறை தாண்டும்போது சொட்டரும் போய், மேலே கம்பித் தட்டு முழுக்கக் கம்பளியாகக் கிடக்கும். அன்றைக்கும் எல்லாரும் உரித்துக்கொண்டே வந்தார்கள். நான் மட்டும் கழுத்துப் பட்டன் வரை போட்டபடி இருந்தேன்.

“சொட்டரக் கழட்டலையாக்கா? வேகுதே” என்றாள் டெய்லரம்மா.

“எனக்குக் குளுருது” என்றேன். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

மண்டபத்தில் இன்னும் மோசம். கார்த்திகை மாதம்தான், ஆனாலும் கீழே வெயில் சுள்ளென்று இருந்தது. மனு கொடுத்த வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம் என்று பட்டியல் வைத்திருந்த ஒருவர் சொன்னார். தூரத்தில் தெரிந்த முகம் ஒன்று தென்பட, கையைத் தூக்கி ஆட்டினேன். சொட்டருக்குள்ளே அக்குள் பக்கம் ‘டர்’ என்று ஒரு சத்தம். எனக்கே லேசாகத்தான் கேட்டது. நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த டெய்லரம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு காது அவளுக்கு.

“வாங்க” என்று என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, பின்னால் இருந்த மணமகள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த அறை இப்போதும் எனக்குள் அப்படியே இருக்கிறது. முந்தின நாள் ஏதோ கல்யாணம் நடந்திருக்க வேண்டும். தரையில் வாடின மல்லிகை. கண்ணாடியின் ஓரத்தில் யாரோ ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள். ஜன்னலில் நீலக் கண்ணாடி பதித்திருந்ததால் அறை முழுக்க நீல வெளிச்சம் தேங்கி நின்றது. மின்விசிறி அதை மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தது. வெளியே எத்தனை பேர் எங்களைப்போலக் காத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

சொட்டரைக் கழற்றினேன். ஊக்குகளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“எந்த ரவிக்கைய அளவுக்குக் குடுத்தீங்க?”

“பழசு ஒண்ணு.”

“எப்பத் தச்சது?”

“ஆறு வருசம் இருக்கும்.”

“ம்” என்றாள். கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, “எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல” என்றாள்.

“ஒனக்கு நெறைய சோலி கெடக்குமேன்னு நெனச்சேன்.”

அது பொய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் ஊக்குகளை எடுத்து என்னிடம் நீட்டினாள். வைக்க இடமில்லை. இரண்டையும் உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டேன். ரவிக்கையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தோளோடு இழுத்துச் சுற்றி, மணப்பெண் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் தரையில் சம்மணமிட்டாள். ரவிக்கையை உள்பக்கம் திருப்பி, பிளேடால் இரண்டு பக்கத் தையலையும் பிரித்தாள். உள்ளே மடித்து விட்டிருந்த துணியை வெளியே இழுத்து, கையாலேயே தைக்க ஆரம்பித்தாள். ஊசி போய்ப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வருகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் கதவுக்கு வெளியே பட்டியல்காரரின் குரல். எங்கள் ஊர்ப் பெயர். அதற்குப் பிறகு அவளுடைய பெயர்.

எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் தலை குனிந்தபடி தைத்துக்கொண்டிருந்தாள். இந்த வரிசைத் தையல் முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். வாயில் ஊக்கு இருந்தது. குரல் இரண்டாம் தடவை கூப்பிட்டது. கண்ணாடியைப் பார்த்தேன். சேலையைச் சுற்றிக்கொண்டு, உதட்டில் இரண்டு ஊக்கோடு ஒருத்தி நீல வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஏதாவது சொல்வாளா என்று நானும் பார்த்தேன். மூன்றாம் தடவையும் குரல் வந்தது. அப்புறம் வேறு ஏதோ ஊர்ப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் இருக்குமா என்பதே சந்தேகம்.

என் பெயரைக் கூப்பிட்டபோது ரவிக்கை தயாராகிவிட்டது. மாட்டினால், உடம்போடு பிறந்தது மாதிரி இருந்தது. அவள் என் முந்தானையைச் சரிசெய்து, முதுகில் தட்டி, “வெரசாப் போங்கக்கா” என்றாள். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர், “மலையில என்னம்மா முக்கியமான பிரச்சனை?” என்று கேட்டார். இரண்டு பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. “பாதைங்க” என்றேன். போர்வையில் கட்டித் தூக்கி வருவதைச் சொன்னேன். பாதி ஏற்றத்தில் ஒரு மனிதர் செத்துப்போனதைச் சொன்னேன். யாருடைய அப்பா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று பேரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள்.

நான் வெளியே வந்தபோது டெய்லரம்மா பட்டியல்காரருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். “மூணு தரம் கூப்பிட்டாச்சும்மா. கடைசியாப் பாப்போம், ஒக்காருங்க” என்றார் அவர். கடைசியில் அவளைக் கூப்பிட்டபோது மூன்று பேரில் இரண்டு பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர் பெயரும் வயதும் கேட்டு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் திரும்புகிற பஸ்ஸில், இறங்கும்போது கழற்றியதையெல்லாம் ஆட்கள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஊத்து தாண்டியதும் மேகம் ஜன்னலைத் திரும்பவும் மூடியது. டெய்லரம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தப் பக்கத் தோள் மரத்துப்போகும் வரை நான் அசையவில்லை. அவளுக்கு அதையாவது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாளில் போன் வந்தது. “ஒங்களுக்குத்தாம்மா” என்றார் ஒன்றியச் செயலாளர். “அந்தப் பொண்ணப் பத்தியும் நல்லாத்தான் சொன்னாங்க. ஆனா கூப்பிட்ட நேரத்துக்கு ஆளே இல்லியே. நாளைக்குக் கலெக்டர் கூப்பிட்டாலும் இப்புடித்தான இருக்கும்னு பேசிக்கிட்டாங்க.” போனை வைத்துவிட்டு நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொன்னார். பாதிக்குப் பாதி உண்மைதான்.

டெய்லரம்மா எனக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டாள். அவள் கேட்டதால்தான் கீழே வரிசை வீடுகளில் ஒரு ஓட்டுக்கூட வெளியே போகவில்லை. நான் ஜெயித்தேன். பலகையில் என் பெயர் ஏறியது. அஞ்சு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே ஆபீசுக்குள் நுழைந்தேன். கனவில் வந்த மாதிரியே இருந்தது, எழுத்து காய்ந்திருந்தது என்பதைத் தவிர.

பாதையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வனத்துறை நிலம் குறுக்கே கிடக்கிறது, அனுமதி வரவில்லை, ஃபைல் எங்கேயோ மாட்டிக்கொண்டது. எல்லாம் நிஜம்தான். ஆனால் நான் முட்டி மோதியது அவ்வளவாக இல்லை என்பதும் நிஜம். வரிசை வீடுகளுக்கு இறங்கச் சிமென்டுப் படி மட்டும்தான் கட்ட முடிந்தது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டினோம். டெய்லரம்மாதான் ரிப்பனை அளந்து வெட்டிக் கொடுத்தாள்.

ஊக்குக் கதையை நான் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். பதவி ஏற்ற அன்றைக்குக்கூடச் சொன்னேன். சொட்டர், வேர்வை, கிழிந்த சத்தம், டெய்லரம்மாவின் நல்ல மனசு, எல்லாம் வரும். பெயர் கூப்பிட்டது மட்டும் வராது. அது தனியாக இருக்கும்போது வரும். பூண்டு காயப்போடும்போது, மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது அந்தக் குரல் ஊர்ப் பெயரைச் சொல்லும். வாயில் ஊக்கு இருந்தது, என்ன செய்ய, என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். பேசினால் விழுங்கியிருப்பேன் என்றுகூட ஒரு தடவை சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு ஊக்கும்தான் இத்தனை வருடம் என் மனசைப் பிடித்து வைத்திருந்தன.

பதவிக்காலம் முடிந்து இப்போது ஆபீசை அதிகாரிதான் பார்த்துக்கொள்கிறார். அடுத்த தேர்தல் வருகிறது, வரவில்லை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மனு எழுதித் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கட்சியிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போனார். எனக்கும் ஆசை விடவில்லை. புது ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு போன வாரம் டெய்லரம்மா வீட்டுக்கு இறங்கினேன். இந்தத் தடவை வேறு கடைக்குக் கொடுக்கிற புத்தியெல்லாம் இல்லை.

மேகம் படியிலேயே உட்கார்ந்திருந்தது. எதிரே பேச்சுக் குரல் மட்டும் கேட்டது. பிறகு நாலு பேர் போர்வைக்குள் ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். படியில் தூக்கி ஏறுவது மண் சரிவைவிடக் கஷ்டம் போல. முன்னால் இருந்தவர்கள் குனிய, பின்னால் இருந்தவர்கள் தோளுக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது. நான் ஒதுங்கி நின்றேன். கடைசியில் வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே, “வணக்கம் பிரசிடெண்டு” என்றான். கேலியாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.

டெய்லரம்மா மெஷினிலிருந்து எழுந்து வந்து என்னை வாசலுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் நிற்க வைத்தாள்.

“இந்தத் தடவ நீ மனுப் போடலியாம்மா?” என்று கேட்டேன்.

“அதான் நீங்க இருக்கீங்களே” என்று டேப்பைத் தோளில் வைத்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. “அன்னைக்கு மண்டபத்துல ஒன் பேரக் கூப்பிட்டாங்கள்ல. எனக்குக் கேட்டுச்சும்மா. மூணு தரமும் கேட்டுச்சு” என்றேன்.

டேப் நின்றது.

“எனக்குந்தான் கேட்டுச்சு” என்றாள்.

நாலு நாற்காலி தள்ளி நூல் அறுந்ததைக் கேட்டவளுக்குக் கதவுக்கு வெளியே கூப்பிட்ட தன் பெயர் கேட்காமலா இருந்திருக்கும்? இத்தனை வருடத்தில் இது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தோன்றவிடவில்லை என்பதுதான் சரி.

“அப்பறம் ஏன் எந்திரிக்கல?”

“ஒங்க ரவிக்க ரெண்டு பக்கமும் பிரிஞ்சு கெடக்கு. நீங்க சேலையச் சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. அப்புடி விட்டுட்டு நானா எந்திரிச்சுப் போக ஏலாதுக்கா. நீங்க ‘போ’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அப்புடியே போட்டுட்டு ஓடியிருப்பேன்.”

“வாயில ஊக்கு இருந்துச்சும்மா.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தாள்.

“ஊக்கா? மொதத் தரம் கூப்பிட்டதுமே கைய நீட்டி வாங்கிட்டேனேக்கா. நீங்க சொல்லுவீங்கன்னுதான் வாங்குனேன்.”

நான் அந்த அறைக்குள் திரும்பிப் போய்த் தேடினேன். நீல வெளிச்சம் இருந்தது, விசிறி இருந்தது, மல்லிகை இருந்தது. கண்ணாடியில் சேலையைச் சுற்றிக்கொண்டு அந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஊக்குகளை மட்டும் காணவில்லை. கீழேயிருந்து ஒரு கை மேலே நீண்டது. விரல் நுனியில் சாக்பீஸ் பொடி. அந்தக் கையில் இரண்டையும் வைத்தேன். ஆமாம், வைத்தேன். வைத்துவிட்டு, வெறும் வாயோடு இன்னும் இரண்டு தடவை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டேப் இன்னும் என் தோளில்தான் இருந்தது.

“கையத் தூக்குங்கக்கா” என்றாள். தூக்கினேன். மார்பு, இடுப்பு, தோள், கை என்று ஒவ்வொன்றாக அளந்தாள். பிறகு மெஷின் மேலிருந்த நோட்டை எடுத்து, புதுப் பக்கம் திருப்பி, மேலே என் பெயரைப் போட்டு, எல்லா அளவையும் எழுதிக்கொண்டாள்.